எல்லாருக்கும் காய்ச்சல்

“எங்கட பரம்பரையில ஆக்கள் சாகிறதுண்டு. நோயில சாகிறதில்லை” என்று மகாதேவா 1979இல் மலேசியாவின் கோல சிலாங்கூரில் ஒரு கல்யாணப் பந்தியில் அறிவித்தார். எவரும் மறுக்கவில்லை. எல்லார் வாயிலும் வடை இருந்தது.

ஈஜோக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் முப்பது வருடம் பெரிய கிராணியாக, கணக்கெழுதும் தலைமை எழுத்தராக, இருந்தவர். தோட்டத்துச் சாவுப் புத்தகமும் அவர் கையெழுத்துதான். ஓய்வு பெற்றதும், யாரும் கேளாமலே ஒரு பதவியை ஏற்றுக்கொண்டார்: யாழ்ப்பாணக் குடும்பங்களில் சம்பந்தம் பேசினால் எதிர்த்தரப்பின் இரத்தத்தைப் பரிசோதிப்பது. ஊசி தேவையில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, மூன்று தலைமுறையில் யார் யார் எதனால் போனார்கள் என்று விசாரிப்பார். ரவாங்கில் ஒரு பெண்ணின் சித்தப்பாவுக்கு வலிப்பு என்று கண்டுபிடித்து, அவள் கல்யாணத்தை நிறுத்தினார். இன்னொரு பையனின் பாட்டனார் மூச்சிழுப்பில் போனவர். பேச்சும் அதோடு போயிற்று.

அவருடைய சொந்த வம்சாவளி பழைய கொப்பியொன்றில் சுத்தமாக இருந்தது. தகப்பனார்: காய்ச்சல். அத்தை: காய்ச்சல். இருவரும் ஐம்பதைத் தாண்டியதும் செங்கமாரி வந்து மஞ்சளாகி, எலும்பாகி, வயிற்றைப் பிடித்தபடி போனதற்குக் கொப்பியில் இடம் போதவில்லை.

1986இல் தம்பி பசுபதிக்குக் கண் மஞ்சளாயிற்று. கணையத்தில் புற்று என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். ஒரு ஃபாரத்தை நீட்டி, குடும்பத்தில் வேறு யாருக்கும் இப்படி வந்ததுண்டா என்று மகாதேவாவைக் கேட்டார். சில வீடுகளில் இது வழிவழியாக வருவதுண்டாம். கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனை ஏதும் கிடையாது, உறவுக்காரர் சொல்வதுதான் பரிசோதனை. உண்டென்றால் பிள்ளைகளுக்கு வயது வரும்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்துவரலாம்.

ஒருவருமில்லை என்றார் மகாதேவா. மகள் வாகீஸ்வரிக்குத் தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் கேட்டது ஒரே கேள்வி, அதுவும் இவரிடமே கற்றுக்கொண்ட கேள்வி.

துணைக்கு வந்திருந்த காப்ரியல், தோட்டத்து மருந்தகத்தில் காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரெசராக இருந்தவர். முப்பது வருடமும் அவருடைய ஆங்கில எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி, எல்லாருக்கும் காட்டி மகிழ்ந்தவர் மகாதேவா. டாக்டர் நகர்ந்ததும் காப்ரியல் சொன்னார்:

“கிராணியாரே, உங்க பொஸ்தகத்துல மரத்துலருந்து விழுந்தவனும் காய்ச்சல்லதான் செத்தான். தொரைக்கு அது போதும். இந்த டாக்டருக்குப் போதாது லா.”

“உனக்கு என்ன தெரியும்? ஃபீவருக்கே எழுத்துக் கூட்டத் தெரியாத ஆள் நீ.”

“உங்க அப்பா வேட்டிய அலசினவன் நான். அந்த மஞ்ச போகவே இல்ல.”

மகாதேவா பேனா முனையை நெடுநேரம் ஆராய்ந்தார். முனையில் குறையில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வாகீஸ்வரி, சித்தப்பா பசுபதியின் வாயருகே கரண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தாதியைக் கூப்பிட்டு இன்னொரு ஃபாரம் கேட்டார். மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு பிரதி வேண்டும் என்றார். பிறகு உட்கார்ந்து, தகப்பனார் என்ற இடத்தில் கை வழக்கத்தில் ‘ஃபீவர்’ என்று எழுதி, அதை அடித்தார். முப்பது வருடம் ஊரார் சாவையெல்லாம் எழுதிய கை அங்கேயே நின்றுவிட்டது.

“காப்ரியல்” என்றார், தலையைத் தூக்காமல். “செங்கமாரிக்கு இங்கிலிஷில என்ன ஸ்பெல்லிங்?”