சங்கக்காவின் சத்தமில்லாத பேச்சு

அந்த ஆலையில் இரண்டு சங்குகள் உண்டு என்று வேலைக்காரர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். ஒன்று புகைபோக்கிக்குப் பக்கத்தில் நின்று ஷிப்டுக்கு ஷிப்டு ஊதும். இன்னொன்று தறிக்கூடத்தின் மூன்றாம் வரிசையில் தறி ஓட்டும். ஆலையை மூடியபோது முதல் சங்கு பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது. இரண்டாம் சங்கு இன்றைக்கும் அதே கட்டடத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறது. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் சங்கக்காதான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பாள்.

இந்தச் சங்குக் குரல் பிறவியில் வந்ததில்லை. தறிக்கூடம் கொடுத்தது. அத்தனை தறிகளும் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் ஒரு எழுத்து கேட்காது. அதனால் உள்ளே யாரும் கத்த மாட்டார்கள். தொண்டையை மூடிக்கொண்டு, உதட்டை மட்டும் நன்றாகத் திறந்து மூடிப் பேசுவார்கள். கூடவே கொஞ்சம் கைச்சாடை. மேஸ்திரி வருகிறார் என்றால் மூக்கைத் தொட வேண்டும், ஏனென்றால் மேஸ்திரியின் மூக்கு அப்பேர்ப்பட்ட மூக்கு. இந்த உதட்டுப் பேச்சில் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் குடும்பக் கதை முழுவதும் பேசி முடித்துவிடலாம். நடுவில் நிற்பவர்களுக்கும் அது தெரிந்துவிடும் என்பதுதான் ஒரே சங்கடம்.

ஷிப்டு முடிந்து வெளியே வந்தால் காது அடைத்துக் கிடக்கும். அப்போது பேச்செல்லாம் கூச்சல்தான். ஆக, உள்ளே ஊமை, வெளியே இடி. இரண்டுக்கும் நடுவில் மனிதர்கள் பேசுகிற குரல் ஒன்று உண்டு என்பதே சங்கக்காவுக்கு மறந்துபோனது.

அவளுடைய கல்யாணமே அந்தப் பேச்சில்தான் முடிவானது. எதிர்த் தறியில் நின்ற சிநேகிதி ஒருநாள் நூல் தீர்ந்த நாடாவை மாற்றிக்கொண்டே, "எங்க அண்ணனைக் கட்டிக்கிறியா?" என்று உதட்டால் கேட்டாள். அண்ணன் பாய்லர் அறையில் வேலை பார்த்தார். நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். "அவரு வாயைத் திறந்து கேக்கட்டும்" என்று இவளும் உதட்டால் பதில் சொன்னாள். அவ்வளவுதான். கூடம் முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளை காதுக்கு விஷயம் போவதற்குள் தறிக்காரிகள் நாள் வரைக்கும் பேசி முடித்திருந்தார்கள். அந்தச் சிநேகிதி அன்றைக்கு நாத்தனாரானாள். இவளை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்தாள். சண்டை போடுவதற்கு உரிமை கிடைத்ததைத் தவிர வேறு வித்தியாசமில்லை.

பிறகு ஆலை நின்றது. தறிகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கண்ணாடிக் கூரையெல்லாம் புறாக்களுக்குப் பட்டா ஆனது. இடித்துவிடப் போகிறார்கள் என்று வருஷா வருஷம் பேச்சு வரும், புகைபோக்கியை இடிக்கிற செலவைக் கேட்டதும் பேச்சு அடங்கும். சங்கக்கா ஒரு சலவைக் கடையில் துணி மடித்தாள். அந்தப் பக்கம் போகவேண்டி வந்தால் தலையைக் குனிந்துகொண்டு எதிர்ச் சாரியில் நடப்பாள். அந்த வாசலில் பூட்டைப் பார்க்க அவளுக்குப் பொறுக்காது.

கடைசியில் ஓவியக்காரர்கள் சிலரும் நாடகக்காரர்கள் சிலரும் வந்தார்கள். வேறு யாரும் சீந்தாத இடம், வாடகை குறைவு. அவர்களே புறாவை விரட்டினார்கள், அவர்களே சுண்ணாம்பு அடித்தார்கள். பஞ்சுக் கிடங்கு நாடக அரங்கானது. நூல் சுற்றுகிற கூடத்தில் ஓவியங்கள் தொங்கின. பாய்லர் அறை காப்பிக் கடையானது. தறிக்கூடத்தை மட்டும் பெரிய நிகழ்ச்சிகளுக்கென்று காலியாக விட்டு, தறி நின்ற ஆணிக் குழிகளையும் எண்ணெய்க் கறைகளையும் அப்படியே வைத்து மேலே வார்னிஷ் பூசினார்கள். இப்போது அந்தக் கறைகளைப் பார்த்துத் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பவர்கள் உண்டு.

ஓவியக்கூடத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் சங்கக்கா ஓடினாள். பாய்லர்காரர் அன்றைய நாலு வார்த்தையையும் ஒரே மூச்சில் செலவழித்தார்.

"படம் பாக்குற எடத்துக்கு நீயா?"

"சுவரு என்னோடதுங்க. படந்தான் அவங்களோடது."

வேலை கிடைத்தது, மூன்று மாதத் தற்காலிகமாக. டிபன் டப்பாவோடு அந்த வாசலுக்குள் மறுபடி நுழைந்த காலையில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. உலகத்தில் எந்த வேலை போனாலும் இது போகக் கூடாது என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டாள். சம்பளம் சலவைக் கடையிலும் கிடைக்கும். அந்தக் கூரை கிடைக்காது.

ஆனால் குரல் இருக்கிறதே. முதல் வாரமே ஒரு பெரிய மனிதர் ஓவியத்துக்கு மிக அருகில் போய் விரலை நீட்டினார். சங்கக்கா அறையின் மறுகோடியிலிருந்து, "தொடாதீங்க!" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அவர் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. அது முதல் புகார். அடுத்து ஒலிக்கலைஞர் ஒருவர் வந்து, காலியான கட்டடத்தின் மௌனத்தைப் பதிவு செய்கிறேன் என்று ஒரு மத்தியானம் முழுக்கக் கருவியை வைத்தார். வீட்டுக்குப் போய்க் கேட்டபோது மௌனத்தின் நட்டநடுவில் ஒரு குரல்: "ஏங்க, சாவி உங்ககிட்டயா இருக்கு?" சங்கக்கா போனில் பேசியது வாசலில். கருவி இருந்தது மாடியில். அது இரண்டாம் புகார்.

நிர்வாகி சின்ன வயசுப் பெண். நல்லவள்தான், முகத்தை மட்டும் எப்போதும் பரீட்சைக்குப் போகிறவள்போல் வைத்திருப்பாள். அவள் சங்கக்காவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, இன்னொரு புகார் வந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மேல கேக்குறாங்க. உங்களை நிரந்தரம் பண்ணணும்னு நானே எழுதி வச்சிருக்கேன், நீங்களே கெடுத்துடாதீங்க."

சங்கக்கா வீட்டில் ரகசியக் குரலில் பேசிப் பழகினாள். பாய்லர்காரரை அடுத்த அறையில் உட்காரவைத்து, "கேக்குதா? கேக்குதா?" என்று சோதித்தாள். கேட்கவில்லை என்று அவர் மனசாரப் பொய் சொன்னார். பக்கத்து வீட்டிலிருந்துதான் பதில் வந்தது. "நல்லா கேக்குது அக்கா!"

இந்த நேரத்தில்தான் கலைக்கூடத்தின் ஆண்டு விழா வந்தது. பழைய தொழிலாளிகளையெல்லாம் அழைத்திருந்தார்கள். தறிக்கூடத்தில் வெளியூர்க் கலைஞன் ஒருவனின் நிகழ்ச்சி. அவன் நடுவில் ஒரு மரப் பலகையில் ஏறி நிற்பான். சுற்றிலும் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்ப்பான். அவர்களும் அவனைப் பார்க்க வேண்டும். யாராவது ஒரு சத்தம் போட்டால் நிகழ்ச்சி அந்த இடத்திலேயே முடிந்துவிடும். இதுவரை எந்த ஊரிலும் அது பாதியில் முடிந்ததில்லையாம். கதவருகே நிற்கிற வேலை சங்கக்காவுக்கு.

"இன்னைக்கு உங்க மூச்சுகூடக் கேக்கக் கூடாது" என்றாள் நிர்வாகி. சங்கக்கா ஒரு பெப்பர்மிண்ட்டை வாயில் அடக்கிக்கொண்டு தலையாட்டினாள்.

கலைஞன் வந்து ஏறினான். ஒல்லியான ஆள். முழங்காலில் கிழிந்த பேண்ட். கூடம் கப்சிப் என்று ஆனது. விருந்தாளிகள் ரொம்பப் பயபக்தியோடு அவனைப் பார்த்தார்கள். கூரைக் கண்ணாடி வழியாக மத்தியான வெயில் பழைய வரிசைகளின் மேல் விழுந்தது.

சங்கக்கா நிமிர்ந்தபோது எதிர்ப்பக்கச் சுவரோரம் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். அதே தூரம். அதே வெளிச்சம். நாத்தனாரின் உதடு அசைந்தது.

"அண்ணி, எப்ப ஆரம்பிப்பாங்க?"

"இதான் ஆரம்பிச்சாச்சு" என்றது சங்கக்காவின் உதடு. அவள் நினைத்துச் செய்ததே இல்லை. அந்தக் கூடத்தில் நின்றால் அந்த வாய் அப்படித்தான் அசையும்.

"நிக்கிறதா? இதுக்கா சம்பளம்? நாம நின்னோமே, ஒருத்தன் கைதட்டினானா?"

"பேசாம இருடி. என் வேலை போயிரும்."

"பேசாமத்தானே இருக்கேன். ஆமா, அந்தப் புள்ளை பேண்ட்டைப் பாத்தீங்களா? ஊசி நூல் இல்லாத வீடு போல."

மூன்றாம் வரிசையில் ஓய்வுபெற்ற தறிக்காரர் ஒருவர் குலுங்கினார். அவர் பக்கத்துக் கிழவர், "கிழிச்சுத்தான் விக்கிறாங்களாம்" என்று உதட்டால் விளக்கம் சொன்னார். நாத்தனார் நிர்வாகியைச் சாடை காட்டி, யார் அது என்று கேட்டாள். "எங்க மேடம். தங்கமான பொண்ணு. சிரிக்கத்தான் காசு கேக்கும்" என்றாள் சங்கக்கா. யாரோ மூக்கைத் தொட்டார்கள், மேஸ்திரி இறந்து எத்தனையோ காலம் ஆகியும். கூடம் முழுக்கப் பழைய உதடுகள் ஓடத் தொடங்கின. ஒரு சத்தமில்லை. விருந்தாளிகள் ஒன்றும் புரியாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாவம்டி, எலும்பு தெரியுது. பெத்தவ கவனிக்கிறதில்லையா?" என்று சங்கக்கா சொன்னபோதுதான் கவனித்தாள். கலைஞன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணை அல்ல, வாயை. பார்த்துக்கொண்டே மெதுவாகக் கையைக் கொண்டுபோய் முழங்கால் கிழிசலை மூடினான்.

"அண்ணி! அவன் உதட்டைப் படிக்கிறான்!" என்றாள் நாத்தனார்.

சங்கக்கா உதட்டை இறுக மூடிக்கொண்டாள். ஊர் விட்டு ஊர் வந்த பெரிய கலைஞனைக் கிழி கிழி என்று கிழித்தாகிவிட்டது, அதுவும் அவன் முகத்துக்கு நேராக. நிர்வாகியும் கையைக் கட்டிக்கொண்டு இவளையே பார்க்கிறாள். வேலை போச்சு, கூரை போச்சு. மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்றுதான் உதட்டைத் திறந்தாள். வந்தது வேறு.

"சாப்பிட்டியாப்பா?"

 அவன் உதடும் அசைந்தது. தொண்டை மூடி, வாய் திறந்து, அசல் தறிக்கூடத்து அசைவு.

"இன்னும் இல்லம்மா."

சொல்லிவிட்டு அவனால் அடக்க முடியவில்லை. கூரை அதிரச் சிரித்தான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தான். நிகழ்ச்சி பாதியில் முடிந்தது. அவன் பலகையைவிட்டு இறங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.

"எங்க அம்மாவும் தறிக்காரி, வேற ஊரு மில்லுல. பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவுகிட்ட நிப்பேன். அந்தக் கடைசியில இருந்து இதையேதான் கேப்பாங்க, இதே மாதிரி. அம்மா போனதுக்கப்புறம் இந்தப் பேச்சை நான் எங்கயும் பாக்கல. பேசாம நிக்கிற இந்த வேலையை எதுக்குப் புடிச்சேன்னு எனக்கே இப்பதான் தெரியுது."

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். விருந்தாளிகள் கைதட்டினார்கள். சிலர் இதெல்லாம் முன்னாலேயே ஒத்திகை பார்த்தது என்று இன்றுவரை நம்புகிறார்கள்.

சங்கக்கா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி நிர்வாகியிடம் நீட்டினாள். "நானே குடுத்துடறேன் மேடம்" என்றாள். அது கூடத்தின் மறுகோடிவரை கேட்டது.

"எதுக்கு?"

"நிகழ்ச்சி கெட்டுப்போச்சே."

"சத்தம் போட்டது யாரு?"

சங்கக்கா யோசித்தாள். "அவருதான்."

"அப்ப உங்க மேல என்ன புகார்? மாட்டுங்க அக்கா." நிர்வாகி குரலைத் தாழ்த்தினாள். "அது சரி, என்னைக் காட்டி உங்க நாத்தனார்கிட்ட என்னமோ சொன்னீங்களே, அது என்ன?"

பொய் சொல்ல சங்கக்காவுக்கு வராது. உள்ளதைச் சொன்னாள். நிர்வாகி விழித்தாள், பிறகு காசு வாங்காமலே வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்புக்கு ஒரு தெற்றுப்பல் இருப்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது. மாதக் கடைசியில் சங்கக்கா நிரந்தரமானாள்.

நிகழ்ச்சி நடந்த அன்றே கலைஞன் பழைய பாய்லர் அறையில் உட்கார்ந்து, சங்கக்காவின் டிபன் டப்பாவைத் துடைத்து வைத்தாற்போல் காலி செய்தான். நாத்தனார் கைப்பையிலிருந்து ஊசி நூல் எடுத்து, போட்டிருக்கும்போதே முழங்காலைத் தைத்துவிட்டாள். விலை கொடுத்து வாங்கிய கிழிசல் என்று அவன் சொல்லிப் பார்த்தான். யார் கேட்டார்கள்?

மறுநாள் காலை அவன் ஊருக்குப் புறப்பட்டான். வாசலில் கார் கிளம்பி, ஜன்னல் கண்ணாடி ஏறிவிட்டது. உள்ளேயிருந்து அவன் உதட்டை நன்றாகத் திறந்து சொன்னான்.

"சாப்பிட்டேம்மா."

சங்கக்காவும் உதட்டால்தான் பதில் சொல்லப் பார்த்தாள். உதடு நடுங்கியது, வார்த்தை நிற்கவில்லை. அதனால் நெஞ்சு முட்டக் காற்றை இழுத்துக்கொண்டு, "அடிக்கடி வாப்பா!" என்றாள். புகைபோக்கியிலிருந்து புறாக்கள் எல்லாம் எழுந்து பறந்தன. தெருக்கோடியில் பிரேக் போட்ட கார் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டு முனையில் திரும்பி மறைந்தது. காதைப் பொத்திக்கொண்டு நின்ற நிர்வாகி தெற்றுப்பல் தெரியச் சிரித்தாள்.