பிலோமினம்மாளின் கோடிச் சேலை

செத்துப்போன மனுஷன் போட்ட உத்தரவை யார் எடுப்பது? இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. லாசரஸ் கதையைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும்.

சிங்கப்பூரில், பூன் லேயில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் அடியில் எனக்கு மளிகைக் கடை. மேலே குடியிருந்த தமிழர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே கப்பல் பட்டறையில் துரு சுரண்டுகிறவர்கள், வேதக்காரர்கள். பழைய கம்பத்துக் குடிசைகளை இடித்தபோது மொத்தமாக இங்கே வந்து சேர்ந்தவர்கள். அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தால் இயேசு படம் இருக்கும், கீழே சவரிநாதன் படம் இருக்கும். இரண்டுக்கும் மாலை, இரண்டுக்கும் சிவப்பு பல்பு. லாசரஸ் வீட்டிலும் அப்படித்தான்.

சவரிநாதன் அவர்களுடைய சங்கத் தலைவர். அந்த ஆள் ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். சண்டை போட்டுச் சம்பளத்தை உயர்த்தினார், ஞாயிற்றுக்கிழமை லீவு வாங்கினார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் டாக்சி பிடித்து அவரே வந்து நிற்பார். மரண சகாயச் சங்கம் ஆரம்பித்து, துரு சுரண்டுகிறவனையும் பேண்டு வாத்தியத்தோடு தூக்க வைத்தார். அதே மனுஷன் எதிர்த்துப் பேசியவனை ஆள் வைத்து அடித்துப் போடுவார். சங்கத்தில் தேர்தல் என்பதே கிடையாது. அவர் கை தூக்கச் சொன்னால் எல்லாக் கையும் மேலே போகும்.

அறுபத்தெட்டில் ஒரு கூட்டத்தில் லாசரஸ் எழுந்து, "ஒரு தடவை ஓட்டுப் போட்டுத்தான் பாத்தா என்னங்க?" என்று கேட்டுத் தொலைத்தான். கேட்டது அவ்வளவுதான். "இவன் வீட்டு நல்லதுக்கும் போகாதே, கெட்டதுக்கும் போகாதே" என்று தலைவர் மேடையிலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பட்டறையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆள் இல்லை. அவன் மனைவி பிலோமினம்மாளின் கூடப்பிறந்த தம்பி பெர்னார்ட்கூட எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

எழுபத்து மூன்றில் தலைவர் மாரடைப்பில் போனார். நான் அப்போது சிராங்கூன் ரோட்டில் மாமா கடையில் இருந்தேன். சவ ஊர்வலம் அந்த வழியாகத்தான் போனது, அப்படி ஒரு கூட்டம். ஒரு ஆள் மட்டும் கூட்டத்தில் சேராமல், எதிர்ச்சாரியில் தனியாக அழுதுகொண்டே நடந்தான். அது லாசரஸ் என்பது பூன் லேக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

எழுபத்தொன்பதில் பிலோமினம்மாளுக்கு வயிற்றில் புற்று. பிள்ளை குட்டி இல்லாத வீடு. என் மனைவி ஆமினா பீவிதான் கஞ்சி கொண்டு போவாள். அந்தம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "நான் போனா என் தம்பி வந்து கோடி போடணும்." பிறந்த வீட்டுச் சேலையைப் போர்த்தாமல் ஒரு பெண்ணைப் புதைத்தால் நாதியற்றவள் என்று அர்த்தம். வேதத்தில் சேர்ந்து எத்தனை தலைமுறை ஆனாலும் இந்த வழக்கம் அவர்களை விட்டுப் போகவில்லை.

லாசரஸ் என்னையும் இழுத்துக்கொண்டு சங்கச் செயலாளர் சுவிசேஷமுத்து வீட்டுக்குப் போனான். அவர் நல்ல மனுஷர், அதுதான் கொடுமை. வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார், ஆனால் கண் கலங்கியிருந்தது.

"தடைய எடுத்துடுங்கண்ணே. எனக்கு வேணாம், அவளுக்கு மட்டும்."

"நான் எப்படிடா எடுப்பேன்? போட்டது தலைவரு. அவருதான் எடுக்கணும்."

"அவரு செத்து ஆறு வருஷமாச்சு லா!" என்று நான் கத்தினேன்.

"அதான் பாய் கஷ்டம். அவரு இருந்தா ஒரு வார்த்தையில முடிஞ்சிருக்கும்."

கிண்டல் இல்லை, மனசாரத்தான் சொன்னார். அந்த வீட்டுச் சுவரில் தொங்கிய தலைவர் படத்தைப் பிடுங்கிக் கீழே போட்டிருப்பேன். லாசரஸ் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஒரு வியாழக்கிழமை அந்தம்மா போய்ச் சேர்ந்தார். சாமியார் வந்து ஜெபம் சொல்லிவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் பார்க்கலாம் என்று முன்னால் போனார். பட்டறைக்காரர்கள் ஒருவர்கூட வரவில்லை. சாத்திய சன்னல்களுக்குப் பின்னால் ஜெபமாலை சொல்கிற சத்தம் மட்டும் கேட்டது. பாவிகள், அவளுக்காகத்தான் சொன்னார்கள். வெளியே வரத்தான் கால் எழும்பவில்லை.

"கொஞ்சம் இருங்க பாய், பெர்னார்ட் வருவான். கூடப்பிறந்தவன் இல்லையா" என்று லாசரஸ் சொல்லிக்கொண்டே இருந்தான். சவ வண்டிக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். கடைசியில் பெட்டியை மூடிவிட்டோம்.

நாலாம் மாடியில் லிஃப்ட் நிற்காது, படியில்தான் இறக்க வேண்டும். நான், என் மச்சான் ரவூப், பக்கத்து வீட்டு மலாய்க்காரர், வண்டிக்காரச் சீனர்கள் இரண்டு பேர். ஆறாவது ஆளுக்கு எங்கே போவது? லாசரஸே தோள் கொடுத்தான். பெண்டாட்டி பெட்டியைப் புருஷன் தூக்கி நான் பார்த்தது அன்றுதான்.

மூன்றாம் மாடியில் படி முடிகிற இடத்தில்தான் பெர்னார்ட் வீடு. கதவு சாத்தியிருந்தது. எங்கள் கால் படுகிற இடமாகப் பார்த்து ஒரு பிளாஸ்டிக் பை வைத்திருந்தது. உள்ளே புதுச்சேலை, சிராங்கூன் ரோட்டுக் கடையில் எடுத்தது, மடிப்புக்கூடக் கலையவில்லை. கதவுக்குப் பின்னால் யாரோ துணியை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிற சத்தம் கேட்டது.

"டேய் பெர்னார்ட்! வெளிய வாடா! உன் அக்காடா!" என்று கத்தினேன். கதவு திறக்கவில்லை. உதைத்துத் திறந்திருப்பேன், தோளில் பெட்டி இருந்தது.

பெட்டியை அங்கேயே இறக்கி வைத்தோம். லாசரஸ் சேலையை எடுத்து உதறி, மூடிய பெட்டியின்மேல் போர்த்தினான். ஓரங்களை இழுத்துச் சரிசெய்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அவனைத் திட்டாதீங்க பாய். தலைவர் மட்டும் இன்னைக்கி இருந்திருந்தா, அவரே இவன் கையப் புடிச்சி இழுத்துட்டு வந்து கோடி போட வச்சிருப்பாரு. தங்கமான மனுஷன் பாய் அவரு."