கசகசா தூவிய அதிரசம்

தென்காசியில் எங்கள் தெருவில் ஒருவன் வளைகுடாவுக்குக் கிளம்பும் தேதி தெரிந்துவிட்டால் போதும், பார்சல்கள் வர ஆரம்பித்துவிடும். ‘கொஞ்சம்தான்’ என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். தூக்கிப் பார்த்தால் நாலு கிலோ இருக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அங்கே ஒரு சலவைக்கடையில் சட்டை தேய்க்கிறேன். எனக்கு மாட்டேன் என்று சொல்ல வராது என்பது ஊருக்கே தெரியும். என் பெட்டி அவர்களுக்கு டவுன் பஸ் மாதிரி.

போன சாரல் காலத்தில் விடுப்பு முடிந்து கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது அடுத்த தெரு அண்ணாச்சி வந்தார். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகன் நான் வேலை பார்க்கும் ஊரில்தான் ஏதோ பெரிய ஆபீஸில் இருக்கிறான். முந்தின வாரம்தான் ஊருக்கு வந்து குற்றாலத்தில் ஆசை தீரக் குளித்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தான்.

அண்ணாச்சி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் மனைவி எனக்காகச் செய்த முந்திரிக்கொத்துப் பலகார டப்பாவைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்தார். அந்த இடத்தில், டேப் சுற்றிய தன் பார்சலை வைத்தார்.

“தம்பியே கொண்டு போயிருக்கலாமே, அண்ணாச்சி?” என்று என் மனைவி கேட்டாள்.

“அவன் சட்டையெல்லாம் எண்ணெ வாடை அடிக்கும்லா. இவன் பெட்டில அப்படி என்ன கெட்டுப் போவுது?”

அவர் போனதும் அவள் டேப்பைக் கிழித்தாள். அடுத்தவர் பார்சலைப் பிரிக்கலாமா என்று தடுத்தேன், கேட்கவில்லை. உள்ளே அதிரசம். ஒவ்வொன்றின் மேலும் கசகசா தூவியிருந்தது.

நான் வேலை பார்க்கும் நாட்டில் கசகசா போதைப்பொருள் கணக்கு. பிடித்தால் ஜெயில். பெட்டி எவனுடையதோ அவனைத்தான் பிடிப்பார்கள். யார் வீட்டு அதிரசம் என்று விசாரிக்கத் தென்காசி வரை வரமாட்டார்கள்.

பார்சலைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்தது அங்கே நின்றதும் பாதிதான் வாயில் வந்தது.

“ஏலே, முப்பது வருசம் காக்கி போட்டவன் நான். எனக்கு நீ சட்டம் சொல்லுதியா?” என்றார். “இரு, அவங்கிட்டயே கேப்போம்.”

மகனுக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை அமுக்கினார். நான் நிற்பது மகனுக்குத் தெரியாது.

“கசகசாவா? இங்க பெரிய கேஸாயிரும்ப்பா. அம்மா போட்டிருப்பான்னு தெரிஞ்சுதான நான் தூக்கல. அவன் கொண்டுட்டு வரட்டும். சட்ட தேய்க்கவன் பெட்டிய எவன் கிண்டிப் பாக்கப் போறான்?”

அண்ணாச்சி போனை அணைத்தார். கள்ளனைப் பிடித்தே சம்பளம் வாங்கியவர், ஒருவனை வீட்டிலேயே வளர்த்து வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை வருத்தமாகச் சொல்வார் என்று நின்றேன். என்னைத்தான் சொல்ல வேண்டும்.

“அப்போ ஒரு துணிய வச்சுத் தொடச்சிட்டுக் கொண்டு போ. கசகசாதான, உதுந்துரும்.”

அவர் விரித்து வைத்திருந்த பேப்பரின் மேலேயே பார்சலை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பின்னால் அவர் என்னென்னவோ சொன்னார். நான் திரும்பவில்லை.

வீட்டில் டப்பா பழையபடி பெட்டிக்குள் போனது. மிச்ச இடத்துக்கும் என் மனைவி ராத்திரியோடு ராத்திரியாகப் பயறு வறுத்து, இன்னொரு டப்பா முந்திரிக்கொத்து செய்தாள்.

வளைகுடா போய்ச் சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை, நாங்கள் எட்டுப் பேர் தங்கும் கட்டட வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மகன்தான். இறங்கவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கினான்.

“அண்ணே, வீட்ல இருந்து ஏதாச்சும் கொண்டாந்தீங்களா? முந்திரிக்கொத்து கொண்டாந்தீங்கன்னு அப்பா சொன்னாரு.”

அவன் என்னை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“தீந்து போச்சு” என்றேன்.

இரண்டாவது டப்பா என் கட்டிலுக்கு அடியில் இன்னும் பிரிக்காமல் இருந்தது.