நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர் ஓடிய கார்

ஆபீஸில் எதிரே நிற்கும்போது அவர் 'சார்'. அந்தப் பக்கம் திரும்பிவிட்டால் 'சீல்'. மின்சார ஆபீஸில் மீட்டர் பரிசோதகர். வீடு வீடாக, கடை கடையாகப் போய், மீட்டரில் யாராவது கைவைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் இருபத்தாறு வருஷமாக அவர் உத்தியோகம். மீட்டரில் வைத்த சீல் உடைந்திருந்தால் சந்தோஷப்படுவார். உடையாமல் இருந்தால் சந்தேகப்படுவார். சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் மீட்டர் பெட்டியை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

"எந்த மீட்டரும் என்கிட்ட பொய் சொல்ல முடியாது" என்பது அவர் ஓயாமல் எடுத்துவிடும் வசனம். கேட்டுக் கேட்டு மனைவிக்குக் காது புளித்துவிட்டது. இந்தப் பெருமைக்கு அவர் தன் தங்கையையே விலையாகக் கொடுத்தார் என்று சொல்வார்கள். அதுகூடத் தப்பு. விலை கொடுத்தது தங்கைதான், அவர் இல்லை.

தங்கை புருஷன் கார் மெக்கானிக். சொந்தப் பட்டறை. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஜாக்கி நழுவி அவன் வலது மணிக்கட்டு முறிந்தது. பட்டறை இருபத்தைந்து நாள் மூடிக் கிடந்தது. மச்சான் முறைக்குச் சீலும் ஒரு பை ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போய், கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த மாதம் அதே பட்டறையின் மீட்டரைப் பார்த்தபோது, ரீடிங் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது மட்டும்தான் அவர் கண்ணில் பட்டது. கட்டுப்போட்ட கை ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொண்டால் அப்புறம் பரிசோதகர் எதற்கு? 'மீட்டரில் கைவைக்கப்பட்டுள்ளது' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

லைனை வெட்டினார்கள். மீட்டரைக் கழற்றிச் சோதனைக்கு அனுப்பி, அதில் ஒரு பழுதும் இல்லை, யாரும் தொடவில்லை என்று தாள் வந்துசேர ஐந்து வாரம் ஆனது. அதற்குள் பட்டறைக்கு வந்துகொண்டிருந்தவர்களில் பாதிப் பேர், கரண்டு திருடன் கையில் வண்டியைக் கொடுப்பானேன் என்று வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

தங்கை பெரிதாக எதுவும் கேட்கவில்லை. "தப்பா எழுதிட்டேன்னு சொல்லுண்ணே. ஊருக்குச் சொல்ல வேணாம். அவர் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொன்னாப் போதும்" என்றாள்.

"சோதனை பண்ணினவனை உன் புருஷன் கைக்குள்ள போட்டுக்கிட்டிருப்பான்" என்றார் அண்ணன்.

அன்றிலிருந்து அவள் இவர் வாசலை மிதிக்கவில்லை. இவரோ, "தங்கச்சி புருஷன்னுகூடப் பார்க்காம எழுதினவன் நான்" என்று போகிற இடமெல்லாம் மார்தட்டிக்கொண்டார்.

இப்படிப்பட்டவருக்குக் கார் வாங்கும் ஆசை வந்தது. உள்ளூரில் வாங்கக்கூடாதாம். "இங்க விக்கிற பழைய கார் அத்தனைக்கும் மீட்டரைப் பின்னாடி சுத்தி வெச்சிருப்பானுங்க. வெளிநாட்டுக்காரன் அப்படி இல்ல. உள்ளதை உள்ளபடி சொல்லுவான்." எந்த வெளிநாட்டையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஊர் மனிதர்களின் யோக்கியதைக்கு இங்கிருந்தபடியே சான்றிதழ் கொடுத்தார்.

கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு வியாபாரி கம்ப்யூட்டரில் பிடிபட்டான். எஞ்சின், அடிப்பக்கம், சீட்டு என்று கேட்ட படத்தையெல்லாம் அனுப்ப அவன் தயாராகத்தான் இருந்தான். இவர் கேட்டது ஒரே இடத்தை. கிலோமீட்டர் காட்டும் கட்டத்தை நேராக ஒன்று, சாய்வாக ஒன்று, விளக்கைப் போட்டு ஒன்று, அணைத்து ஒன்று என்று பதினொரு படம் வாங்கினார். 41,216. ஒவ்வொரு இலக்கத்தையும் பெரிதாக்கி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "சுத்தமான மீட்டர்" என்று தீர்ப்புச் சொன்னார்.

"பிரேக் மிதிக்கிற இடத்தையும் ஒரு படம் கேளுங்களேன்" என்றாள் மனைவி. "அந்த ரப்பர் தேஞ்சிருக்கிறதை வெச்சே வண்டி எவ்வளவு ஓடியிருக்குன்னு சொல்லிடலாம்னு உங்க தங்கச்சி வீட்டுக்காரர் சொல்லுவாரே."

"மீட்டரைப் பத்தி உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

அவள் வாயை மூடிக்கொண்டாள். முப்பது வருஷத்துக் குடித்தனத்தில் அவள் கற்றுக்கொண்ட வித்தை அது ஒன்றுதான்.

கார் கப்பலேறி வர மூன்று மாதம். துறைமுக வேலைகளை முடித்துக் கொடுக்கும் ஏஜென்ட்டைத் தினமும் போனில் கூப்பிட்டு அரித்தெடுத்தார். "சார், கப்பலை நான் பின்னாடி நின்னு தள்ளவா முடியும்?" என்று ஒருநாள் அவனே கேட்டுவிட்டான். ஒருவழியாகக் கார் வந்து இறங்கியது. வெள்ளை நிறம். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

அதை ஆபீஸ் வாசலில் நிறுத்தி, ஒவ்வொருவராக உள்ளே உட்காரவைத்து அந்த எண்ணைக் காட்டினார். சிலருக்கு இரண்டு தடவை காட்டினார். பானெட்டைத் திறந்து காட்டச் சொன்னதற்கு, "எஞ்சின்ல என்னய்யா இருக்கு, மீட்டரைப் பாரு" என்றார். பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து ஓரத்தில் இரும்பு எட்டிப் பார்ப்பதை, உள்ளே உட்கார்ந்த கேஷியர் பார்த்தார். பார்த்துவிட்டு, "யோகம் சார் உங்களுக்கு" என்று சொல்லி இறங்கிக்கொண்டார்.

மூன்றாவது வாரம் கியர் மாறும்போதெல்லாம் கார் உதற ஆரம்பித்தது. நாலாவது வாரம் ஒரு மேட்டில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டது. எங்கே கொண்டுபோவது? ஊரில் பாதிப் பட்டறைகள் மீது அவரே எழுதிக் கொடுத்திருந்தார். மீதிப் பட்டறைகளில் ஆபீஸ் ஆட்களின் வண்டிகள் நின்றன. அங்கே விஷயம் தெரிந்தால் மறுநாள் டீ வேளைக்குள் ஆபீஸ் முழுக்கச் சிரிக்கும். எந்த மீட்டரும் ஏமாற்ற முடியாத மனிதர் என்ற பெயர் காற்றில் போய்விடும். அந்தப் பெயரைத் தவிர அவரிடம் வேறு சொத்தும் கிடையாது. வீட்டுக்குள்ளேயே அமுக்கிவிடக்கூடிய பட்டறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வேறு ஆளாக இருந்தால் கால் கூசியிருக்கும். இவர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்.

"வாங்க மச்சான்" என்றான் தங்கை புருஷன், முந்தாநாள் பார்த்துப் பிரிந்தவரிடம் பேசுவதுபோல. சில பேருக்கு இப்படியொரு நல்ல மனது இருந்து தொலைக்கிறது. பானெட்டைத் தூக்கினான். உள்ளே கைவிட்டுத் துழாவி, காற்று வடிகட்டிப் பெட்டிக்குப் பின்னால் செருகிக் கிடந்த ஒரு சின்ன அட்டையை வெளியே இழுத்தான்.

"ஆயில் மாத்தும்போது எத்தனாவது கிலோமீட்டர்ல மாத்தினோம்னு எழுதித் தொங்கவிடுவாங்க மச்சான். எடுத்தெறிய மறந்துட்டாங்கபோல."

அட்டையில் இருந்த மொழி இருவருக்கும் புரியவில்லை. எண் புரிந்தது. 1,87,400. தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தையது.

சீல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மீட்டர் என்று எழுதியிருந்தால் எதையும் நம்பும் ஓர் ஏமாளியைக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவன் பதினொரு படத்திலேயே கண்டுபிடித்திருக்கிறான். அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்: "அதைக் கிழிச்சுப் போட்டுடு மாப்ளே. யார் கண்ணுலயும் பட வேணாம்."

மாப்பிள்ளை கிழிக்கவில்லை. அட்டையைக் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தான். மேஜைக்குப் பின்னால் தங்கை உட்கார்ந்திருந்தாள். பட்டறைக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் கார்டு எழுதுவது அவள் வேலை.

"வண்டி உள்ள வந்தா ரீடிங் எழுதணும். என்ன எழுதட்டும்?" என்றாள். ஆறு வருஷத்தில் அண்ணனிடம் அவள் பேசிய முதல் பேச்சு.

"மீட்டர்ல என்ன இருக்கோ அதை எழுதிட்டுப் போயேன்."

"அன்னைக்கு நீயும் எங்க மீட்டர்ல இருந்ததை மட்டும் எழுதிட்டுப் போயிருக்கலாமேண்ணே."

மாப்பிள்ளை தலை குனிந்து கையைத் துடைத்தான். அவள் பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தாள். ஆறு வருஷமாக எதற்குக் காத்திருந்தாளோ அதே ஒரு வார்த்தைக்குத்தான். அங்கே இருந்தது மூன்றே பேர். ஆபீஸ்காரன் ஒருவன்கூட இல்லை. சொல்லியிருந்தால் காசா, பணமா?

"வண்டி எப்போ கிடைக்கும்?" என்றார் சீல்.

தங்கை குனிந்து எழுதினாள். மீட்டரில் இருந்த எண்ணை ஒரு வரியில், அட்டையில் இருந்த எண்ணை அடுத்த வரியில். அதற்குக் கீழே, 'மீட்டரில் கைவைக்கப்பட்டுள்ளது'. மனப்பாடமாகிவிட்ட வாசகம், யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கார்டை அவர் பக்கம் திருப்பிவைத்தாள்.

"கையெழுத்துப் போடணும். போட்டாத்தான் வேலை ஆரம்பிப்பார்."

அவர் கயிறு கட்டி இழுத்துவந்த காரைப் பார்த்தார். வேறு பட்டறைகளை நினைத்துப் பார்த்தார். பிறகு, இருபத்தாறு வருஷமாக ஊரார் தலையில் எழுதிய அதே வரிக்குக் கீழே தன் பெயரைப் போட்டார்.

அவள் நகலைக் கிழித்து நீட்டினாள்.

"பத்து நாள் ஆகும், சார்."