நடுவில் விரித்த துண்டு

மார்கழிப் பனியில் பஸ்ஸைத் தவறவிட்டு, திருவெறும்பூரில் புதிதாக வந்திருந்த தொழிற்சாலைக்கு இன்டர்வியூ போக வழியில்லாமல் பாலக்கரையில் நின்றேன். ஒரு லாரி டிரைவர்தான் ஏற்றிக்கொண்டார். கறுத்துப் பருத்த மனிதர், கன்னம் வரை வந்த மீசை.

முன்சீட்டில் அவருடைய செவலை நாய் உட்கார்ந்திருந்தது. என் நெற்றியில் திருமண் இன்னும் காயவில்லை. எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டில் குளித்தபின் நாயைத் தொட்டால் மறுபடி குளிக்க வேண்டும். நான் தயங்கியதைப் பார்த்தவர், அந்தக் குளிரிலும் தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து எனக்கும் நாய்க்கும் நடுவே விரித்தார்.

ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் நாயிடம், "திருப்பப் போறேன், கெட்டியா உட்காரு" என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்டீரிங்கைத் திருப்பினார். மூன்றாவது வளைவில் அது துண்டைத் தாண்டி என் மடியில் தலையை வைத்தது. விறைத்திருந்த விரல்களுக்கு அந்தச் சூடு இதமாக இருந்தது. அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையை எடுக்கவில்லை.

இறங்கும்போது கேட்டார்: "நாய் உங்க மேல படலையே, சாமி?"

"இல்லைங்க."

"சரிங்க. உள்ள போறதுக்கு முன்னாடி பேண்ட்ல இருக்குற முடியை மட்டும் தட்டிவிட்டுக்குங்க."

சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இத்தனை வருஷத்தில் அவரை மறந்திருப்பேன்.