துண்டை நோக்கி நீந்திய எலிகள்

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் எலியக்கா. பதினேழு வருஷமாகக் கூண்டு கழுவி, தீனி போட்டு, ஊசி குத்தி, மற்றவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போவதை வாசலில் நின்று பார்த்தவள். கோபக்காரி என்று பெயர். கோபம் வராமல் என்ன செய்யும்? கூண்டுக் கதவை ஒழுங்காகச் சாத்தத் தெரியாதவனெல்லாம் மூளையைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறான்.

அந்த வருஷம் இயக்குநர் கையில் எடுத்தது ஒரு பெப்டைடு. மூளையின் செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள அவற்றின் மேல்புறத்தில் ஒட்டுப் புரதங்கள் உண்டு. அவற்றில் ஒன்றின் துணுக்கைப் பார்த்து, பதினைந்து மணி கோத்த சரம் மாதிரி இயந்திரத்தில் நகல் செய்ததுதான் அந்தப் பெப்டைடு. அதை ஊசியில் ஏற்றினால் செல்களின் பிடி இறுகும், ஞாபகம் நிற்கும் என்று நம்பிக்கை.

எலியக்கா இதைக் காதுகொடுத்துக் கேட்டதற்குக் காரணம் வீட்டில் இருந்தது. முப்பது வருஷம் பஸ் ஓட்டிய அவள் கணவர் இப்போது குளியலறையிலிருந்து கூடத்துக்கு வழி கேட்கிறார். மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும்போது அவர் பெயரையும் சேர்க்கச் சொல்லி, இயக்குநரின் மேஜை முன்னால் அவள் கைகட்டி நின்றாள். வாழ்நாளில் அவள் கைகட்டி நின்றது அந்த ஒரு தடவைதான்.

சோதனை இதுதான். வட்டத் தொட்டியில் பால்பவுடர் கலந்த தண்ணீர். அதற்கடியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்ன மேடை. எலி அந்த இடத்தை நினைவில் வைத்து நீந்திப்போய் ஏற வேண்டும். விலை உயர்ந்த மருந்து, எலி திமிறி ஊசி வீணாகக் கூடாது என்று மருந்து எலிகள் அத்தனையையும் கைதேர்ந்த எலியக்காவிடம் கொடுத்தார் இயக்குநர். வெறும் உப்புநீர் ஏற்றிய எலிகள், புதிதாக வந்த கண்ணாடிக்காரியிடம். அவள் ஃபோனைப் பார்த்தபடி தொட்டியைச் சுற்றிக்கொண்டே இருப்பாள்.

மருந்து எலிகள் எட்டு நொடியில் மேடையேறின. மற்றவை அரை நிமிஷம் தத்தளித்தன. கேக் வெட்டினார்கள்.

ஒரு நாள் எலியக்காவுக்கு இடுப்பு வலி. எப்போதும்போல மேடைப் பக்கம் நிற்காமல், எதிரே ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு, எலி துவட்டும் துண்டோடு உட்கார்ந்தாள். அன்று விட்ட ஆறு மருந்து எலிகளும் நேராக ஜன்னல் பக்கம் நீந்திவந்து சுவரைப் பிறாண்டின. இத்தனை நாளும் இவை தேடி வந்தது மேடையை அல்ல. ஒரே இடத்தில் துண்டோடு நின்ற தன்னை.

நேரே இயக்குநரிடம் போனாள்.

"சார், எலிங்க மேடையைத் தேடல. என்னைத் தேடுதுங்க."

"பரவாயில்லையே, உங்களுக்கு இவ்வளவு ரசிகர்களா?"

"நக்கல் வேண்டாம் சார். எலிகளைக் கலந்து எங்க ரெண்டு பேருக்கும் பிரிச்சுக் கொடுங்க. எதுல மருந்து, எதுல உப்புத்தண்ணின்னு எங்களுக்குத் தெரியவே கூடாது."

"வெள்ளிக்கிழமை நிதி கொடுக்கறவங்க வராங்க. கூண்டு கழுவறது உங்க வேலை, அதைப் பாருங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க வீட்டுக்காரர் பேரு லிஸ்ட்ல இருக்கு. ஞாபகம் இருக்குல்ல?"

"எனக்கு இருக்கு சார். அவருக்குத்தான் இல்ல."

வீட்டுக்கு வந்தால் கணவர் சோபாவில் உட்கார்ந்து, "இந்த பஸ் எப்பம்மா கிளம்பும்?" என்றார். "கிளம்பாது! இறங்குங்க!" என்று கத்தினாள். அவர் பயந்து எழுந்து நின்றதும் அவள் கோபம் அவள் மேலேயே திரும்பியது. வாயை மூடிக்கொண்டால் இவருக்கு ஊசி கிடைக்கும். என்ன ஊசி? எலிக்கே வேலை செய்ததா என்று தெரியாத ஊசி.

வெள்ளிக்கிழமை கோட்டுப் போட்ட நாலு பேர் தொட்டியைச் சுற்றி நின்றார்கள். எலியக்கா துண்டோடு ஜன்னலோரம் போனாள்.

"அங்க ஏன் நிக்கறீங்க? இந்தப் பக்கம் வாங்க," என்று பல்லைக் கடித்தார் இயக்குநர்.

"ஞாபகம் நல்லா இருக்கற எலிதானே சார்? நான் எங்க நின்னா அதுக்கென்ன?"

கண்ணாடிக்காரி ஒரு மருந்து எலியைத் தண்ணீரில் விட்டாள். அது மேடையைத் தாண்டி, நேராக ஜன்னலுக்கு வந்து பிறாண்டியது. நாற்பது நொடி. "ஏன் அங்கே போகுது?" என்றார் ஒருவர். பதில் சொன்னது எலியக்காதான்.

எலிகளைக் கலந்து மறுபடி சோதித்தார்கள். மருந்துக்கும் உப்புநீருக்கும் ஒரு நொடிகூட வித்தியாசம் இல்லை. மனிதர்களுக்குக் கொடுக்கும் திட்டம் நின்றது. பட்டியல் குப்பைக்குப் போனது. "உங்களுக்குத்தான் நஷ்டம்," என்றார் இயக்குநர், முகத்தைப் பார்க்காமல்.

அன்று சாயங்காலம் கணவர் குளித்து முடிக்கும்போது, அவள் கூடத்தின் நடுவில் துண்டோடு நின்றாள். அவர் கதவைத் திறந்து, துண்டைப் பார்த்து, வழி கேட்காமல் வந்து சேர்ந்தார். மறுநாளும் அங்கேயே நின்றாள். மறுநாளும் வந்தார்.

அவர் தலையை வெடுக்வெடுக்கென்று துவட்டினாள். "வலிக்குதும்மா," என்றார். அவளுக்குக் கோபம் அடங்கவே இல்லை.