ஊசி படித்த ஏழு காலடிகள்

இது எனக்கு நடந்தது. கதை கட்டுகிறவன் மணி, நிமிடம், விநாடி என்று நோட்டில் குறித்து வைக்க மாட்டான். நான் குறித்து வைத்திருக்கிறேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் என் கிறுக்கைச் சொல்லிவிடுகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஜாஸ் இசைத்தட்டுதான். ஒரே ஆல்பத்தை மூன்று தடவை வாங்குகிற ஆள் நான். முதல் பதிப்பு ஒன்று, இருபது வருடம் கழித்து வந்த மறுபதிப்பு ஒன்று, போன மாதம் வந்தது ஒன்று. எதில் பேஸ் என்கிற கனத்த கம்பி வாத்தியம் திடமாக ஒலிக்கிறது, எதில் ட்ரம்பெட் காதைக் கிழிக்கிறது என்று ஒப்பிட்டு இணையத்தில் எழுதுவேன். படிக்கிறவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். அதில் பாதிப்பேர் சண்டைக்கு வருகிறவர்கள்.

ஒப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு. பிளேயரில் ஓடும் தட்டை அப்படியே கம்ப்யூட்டரில் பதிவு செய்வேன். எல்லாப் பதிவுகளையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து ஹெட்போனில் கேட்பேன். முக்கியமாக, வாசிப்பு நிற்கும் இடங்களைக் கேட்பேன். ஒரு பதிப்பு நல்லதா மட்டமா என்பது அங்கேதான் தெரிந்துவிடும்.

இதில் ஒரு தொல்லை. பிளேயரின் ஊசி தட்டை மட்டும் படிப்பதில்லை. எங்கள் வீடு முதல் மாடி, பழைய மரத்தரை. யாராவது நடந்தால் அந்த அதிர்வையும் ஊசி படித்துவிடும். பதிவில் 'தொம்' என்று விழும். அதனால் தட்டு ஓடும்போது நான் இரண்டு காலையும் தூக்கி நாற்காலியில் மடக்கிக்கொள்வேன். பதிவில் 'தொம்' கேட்டால் மனைவியைப் பார்த்துக் கத்துவேன்.

"நடக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது!"

"சரிங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவள் இறந்துபோய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. போட்டோக்கள் பெட்டி நிறைய இருக்கின்றன. குரல் ஒன்றுகூட இல்லை. யார் யாரோ எங்கெங்கோ வாசித்ததையெல்லாம் தேடித்தேடிச் சேர்த்தவன், கட்டினவள் பேச்சை ஒரு நிமிடம் பதிந்து வைக்கவில்லை. இதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கும்.

முதல் ஞாயிறு. புதிய மறுபதிப்பு கூரியரில் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஒப்பிடுவதற்காக, ஆறு வருடத்துக்கு முன் முதல் பதிப்பிலிருந்து எடுத்த பழைய பதிவைத் திறந்தேன். மணி மதியம் 2:10.

இரண்டாவது பாட்டு. நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி. பியானோ அடங்கி, சாக்ஸபோன் இன்னும் தொடங்காத இடம்.

தொம்... தொம்... தொம்...

ஏழு காலடி. கடைசியில் நின்றுவிட்டது.

அவள்! நான் கத்திக்கத்தித் துரத்திய அவள் நடை. குரல் இல்லாவிட்டால் என்ன, நடை இருக்கிறது! அன்று சாயங்காலம் வரை அந்த ஏழு காலடியை மட்டும் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டு அழுதேன்.

ஆறு மணிக்கு முகம் கழுவிவிட்டுப் புதிய தட்டைப் பதிவு செய்தேன். கதவு பூட்டியிருந்தது. கீழே அச்சகம். ஞாயிற்றுக்கிழமை அதுவும் பூட்டு. காலை மடக்கி உட்கார்ந்து, தட்டு முடியும் வரை அசையவில்லை.

பிறகு கேட்டேன். பதிப்பு அருமை. பேஸ் கம்பி அதிர்வது விரலில் தெரிகிற மாதிரி இருந்தது. நான்கு நிமிடம் பன்னிரண்டில் ஒன்றும் இல்லை. இருக்காது என்று தெரியும். ஆனாலும் ஏமாற்றமாக இருந்தது.

ஆறு நிமிடம் நாற்பது விநாடி...

தொம்... தொம்... தொம்...

ஏழு.

தட்டிலேயே இருக்கும் சத்தமா என்று பார்க்க மறுபடி பதிவு செய்தேன். தட்டில் இருந்தால் எத்தனை தடவை போட்டாலும் அதே இடத்தில் வரும். வரவில்லை. ஒரு நிமிடம் மூன்று விநாடியில் வந்தது. அப்படியென்றால் அது தட்டில் இல்லை. தரையில் இருக்கிறது.

பயந்தீர்களா என்று கேட்பீர்கள். இல்லை. சத்தியமாகச் சந்தோஷப்பட்டேன். அடுத்த ஒரு வாரம் கடையில் எந்த லென்ஸைத் தேய்த்தேன் என்றே தெரியவில்லை. "என்ன, முகம் தெளிஞ்சிருக்கு?" என்றார் முதலாளி. "வீட்ல ஆள் வந்திருக்காங்க" என்றேன். வாய் தவறி வந்ததுதான். ஆனால் திருத்தவில்லை.

இரண்டாவது ஞாயிறு ஒன்பது காலடி. சத்தமும் கூடியிருந்தது. பக்கத்தில் வருகிறாள் என்று நினைத்தேன்.

மூன்றாவது ஞாயிறு. மாலை 5:20. என் நாற்காலிக்குப் பக்கத்தில் அவளுடைய பிரம்பு நாற்காலியை இழுத்துப் போட்டேன். மெத்தையைத் தட்டி வைத்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊசியை இறக்கினேன்.

"வாம்மா" என்றேன். "தாராளமா நட. இனிமே திட்ட மாட்டேன். வந்து எம்பக்கத்துல உக்காரு."

5:31. தொம்... தொம்...

ஹெட்போனைக் கழற்றினேன். அறையில் சத்தமே இல்லை. மாட்டினேன். தொம்... தொம்...

பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று. நின்றது.

"வந்துட்டியா?"

பிரம்பு நாற்காலி மெல்ல முனகியது. இது ஹெட்போனில் இல்லை. பக்கத்தில்.

திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. ஆனால் மெத்தை அமுங்கியிருந்தது. எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கையை நீட்டி அந்த நாற்காலியின் கைப்பிடியில் வைத்தேன்.

அப்போதுதான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தேன்.

சத்த அளவைக் காட்டும் கோடு. கடைசிக் காலடியில் அது சிவப்பைத் தொட்டிருந்தது. என் வீட்டில் அந்தக் கோடு சிவப்பைத் தொட்டதே இல்லை. போன வருடம் நானே நடந்து பார்த்து அளந்திருக்கிறேன். எழுபத்தெட்டு கிலோ ஆள் நான். நான் நடந்தால் கோடு பாதி வரைதான் ஏறும்.

என் மனைவி, கடைசியாக மருத்துவமனையில் எடை பார்த்தபோது, நாற்பத்தொன்று.

கையை மெதுவாக எடுத்தேன்.

5:44. தட்டு முடிந்தது. ஊசி கடைசி வட்டத்தில் சுற்றியது. டிக்... டிக்... டிக்...

மெத்தை நிமிர்ந்தது.

தொம்.

ஒன்றே ஒன்று. என் நாற்காலிக்குப் பின்னால்.

டிக்...

பிடரியில் ஏதோ...

எப்படி வாசலுக்கு வந்தேன், எப்படிப் படி இறங்கினேன், தெரியாது. காலில் செருப்பில்லை. தெருமுனை மருந்துக்கடை விளக்கடியில் போய் நின்றபோதுதான் மூச்சு வந்தது. கழுத்தில் ஹெட்போன் தொங்கிக்கொண்டிருந்தது. மணி 5:52.

அங்கிருந்தே மச்சினிக்குப் போன் செய்தேன். என் மனைவிக்கு ஒரே தங்கை. பேச எனக்கு வேறு ஆள் கிடையாது. நடந்ததைச் சொன்னேன். அவள் அதிர்ச்சியடையவில்லை.

"அத்தான்... நீங்க பாட்டு போட்டா அக்கா என்ன பண்ணுவான்னு தெரியுமா?"

"நடப்பா. நான் திட்டுவேன்."

"அக்கா நடந்ததே இல்ல அத்தான். நீங்க பாட்டு போட்ட உடனே சமையலறைக் கதவ சாத்திக்குவா. கதவ ஒட்டி ஸ்டூலப் போட்டு, அதுல ஏறி உக்காந்துக்குவா. காலக்கூட கீழ வைக்க மாட்டா."

"ஏன்?"

"கூடத்துல நடக்கறது கதவுக்கு வெளிய வந்து நிக்குமாம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் கேட்டேன். அவருக்குன்னு இருக்கற ஒரே சந்தோஷம் அந்தப் பாட்டுதான், அதையும் பயந்துபோய் விட்டுடுவாரு, நான்தான் நடக்கறேன்னு நெனச்சுத் திட்டினா திட்டிட்டுப் போகட்டும்னா. அது உள்ள வராது, கூப்பிடாத வரைக்கும் உள்ள வராதுன்னு சொல்லுவா."

போனை வைத்துவிட்டேன். வருடக்கணக்கில் அவள் வெளியே நிறுத்தி வைத்திருந்ததை நான் மெத்தை தட்டிப் போட்டு அழைத்திருக்கிறேன்.

மறுநாள் பட்டப்பகலில், அச்சக ஆள் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய் கம்ப்யூட்டரை மட்டும் எடுத்துவந்தேன். இப்போது தங்கியிருப்பது கடைக்குப் பின்னாலுள்ள அறை. சிமெண்ட் தரை. பிளேயர் இல்லை. இருந்தும் ராத்திரி விளக்கை அணைக்க மாட்டேன்.

போன வாரம் தைரியம் வந்து அந்த ஆறு வருடப் பழைய பதிவைத் திறந்தேன். ஏழு காலடி. அதற்குப் பிறகு, சாக்ஸபோன் தொடங்குவதற்குச் சற்று முன்னால், இத்தனை நாள் நான் கவனிக்காத ஒரு சின்ன அதிர்வு. நோட்டில் குறித்திருக்கிறேன்: நான்கு நிமிடம் பத்தொன்பது விநாடி. அரை விநாடிகூட இல்லை. பத்துத் தடவை கேட்ட பிறகுதான் என்னவென்று புரிந்தது.

உள்ளேயிருந்து யாரோ ஒரு கதவை, திறந்துவிடாமல் இருக்க, முதுகு கொடுத்து அழுத்தும் சத்தம்.

அதுதான் அவள். அவள் சத்தம் என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.